அந்தக் கொடியில் என்ன காயுது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், வெளியூருக்கு வேலைக்குப் போனவர்கள் காலையில் குடிக்கிற காபியிலிருந்து ராத்திரி சாப்பிடுகிற சப்பாத்தி வரைக்கும் படம் பிடித்து அனுப்பி உயிரை வாங்குகிறார்கள், ஊரில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டு எழுதியிருந்தார். இங்கே உங்கள் பேப்பர் கடைக்கு வருவதில்லை, போனில்தான் படிக்கிறேன், ஆபீஸ் போகிற மெட்ரோவில் நின்றுகொண்டே படித்தபோது சுருக்கென்றது. உயிரை வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கும்பகோணம். ஒரு வங்கியில் வேலை. பிரமோஷன் வந்தால் பின்னாலேயே டிரான்ஸ்ஃபரும் வரும் என்பது எங்கள் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான், திருச்சியோ சேலமோ, அதிகம் போனால் ஹைதராபாத் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், ஆர்டரில் கொல்கத்தா என்று இருந்தது. சென்னையிலிருந்தே 1,600 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் ஏறினால் ஒரு பகல் ஒரு ராத்திரி கழிந்தும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். பையன் பிளஸ் டூ, அவனையும் அவன் அப்பாவையும் என் அம்மா அப்பாவுக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, ஜூன் மாதம் இரண்டு பெட்டியும் ஒரு இட்லிப் பானையுமாக நான் மட்டும் வந்து இறங்கினேன். லேக் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய வீட்டின் மாடியில் ஒண்டுக்குடித்தனம். இந்தப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருப்பதால் இட்லி அரிசி, கறிவேப்பிலை, வாழை இலைக்கெல்லாம் பஞ்சமில்லை.

வந்த புதிதில் நானும் எல்லாரையும் போலத்தான். விக்டோரியா மெமோரியல் முன்னால் ஒரு செல்ஃபி, ஹௌரா பாலத்தின் மேல் ஒரு செல்ஃபி, மஞ்சள் டாக்சியில் சாய்ந்துகொண்டு ஒன்று. வீட்டுக் குரூப்பில் போட்டால் கட்டைவிரல் வரும், சித்தி ஒரு பூங்கொத்து அனுப்புவாள், அத்தோடு சரி. ஹௌரா பாலம் 1943இல் திறந்தது என்று நான் எழுதி அனுப்பிய செய்தியை ஒருவரும் படிக்கவில்லை என்பது இரண்டு நாள் கழித்துப் பையனிடம் கேட்டபோது தெரிந்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில் மழை. மாடி வராந்தாவில் நின்று தெருவில் தண்ணீர் ஓடுவதைச் சும்மா ஒரு படம் எடுத்து அனுப்பினேன். நல்ல படம்கூட இல்லை, பாதி ஜன்னல் கதவு மறைத்துக்கொண்டு நிற்கும். ஐந்து நிமிஷத்தில் அம்மா போன்.

"ஏண்டி, அந்தக் கொடியில என்ன காயுது? உன் பச்சைப் புடவையா? சாரல்ல நனையுதே, எடுத்து உள்ள போடக்கூடாது?"

அதைத் தொடர்ந்து ஒரு இருபது கேள்வி. தரை என்ன சிவப்பாக இருக்கிறது, நம் வீட்டு ரெட் ஆக்சைடு மாதிரியா. ஜன்னலுக்குப் பலகை பலகையாகப் பச்சைக் கதவு போட்டிருக்கிறதே, கொசு வராதா. எதிர் வீட்டு மாடியில் நிற்கிறது யார், குடும்பமா, கல்யாணமாகாத பையன்களா. நான்கு வாரமாக நான் அனுப்பிய படங்களில் நான் இருந்தேன், ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியவே இல்லை. விக்டோரியா மெமோரியலில் நானா குடியிருக்கிறேன்? கொடி, தரை, ஜன்னல், பக்கத்து வீடு, இதெல்லாம் தெரிந்த பிறகுதான் அம்மாவின் மனதில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது, ராத்திரி போனில் பேசும்போது "கொடிக்கிட்ட நிக்கிறியா, உள்ள இருக்கியா" என்று கேட்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நான் அனுப்புகிற படங்களே மாறிப்போயின. தண்ணீர் வாளி. கேஸ் அடுப்பு. ஆபீஸில் என் மேஜை. மார்க்கெட்டில் மீன்காரம்மா ஒருத்தி, தரையில் உட்கார்ந்து, ஒரு காலால் பலகையை அழுத்திக்கொண்டு, நிமிர்ந்து நிற்கிற வளைந்த கத்தியில் கட்லா மீனை இரண்டு கையாலும் பிடித்து அறுக்கிறதை (அவளைக் கேட்டுவிட்டுத்தான்) எடுத்து அனுப்பினேன். பெங்காலியில் அதற்குப் பொட்டி என்று பெயர். எங்கள் வீட்டில் மீன் கிடையாது, அம்மா முகத்தைச் சுளிப்பாள் என்று நினைத்தேன். "அடியே, அங்கேயும் அரிவாள்மணையா!" என்று எழுதியிருந்தாள். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம் வீட்டு அரிவாள்மணை மிக்ஸி வந்த பிறகு பரண் ஏறிவிட்டது, அன்றைக்குச் சாயந்திரம் அதை இறக்கித் துடைத்துப் படம் எடுத்து எனக்குப் பதிலுக்கு அனுப்பியிருந்தாள், மூக்கில் தேங்காய்த் துருவல் பல் இருக்கிறதே அது அங்கே உண்டா என்று கேள்வியோடு. போய்ப் பார்த்தேன். சிலதில் உண்டு.

டிசம்பரில் இன்னொரு கூத்து. ஆபீஸ் விட்டு வந்து வாசலில் மண் குவளையில் டீ குடித்துக்கொண்டே ஒரு படம் அனுப்பினேன். இங்கே டீயை அந்தச் சின்ன மண் குவளையில் கொடுப்பார்கள், பார் என்று பெயர், குடித்து முடித்ததும் தூக்கிப் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான். அதைக் காட்டத்தான் அனுப்பினேன். அம்மாவுக்குக் குவளை கண்ணில் படவில்லை, பின்னால் இருந்த இருட்டுதான் பட்டது. "மணி அஞ்சேகால்தான் ஆறது, எங்க போய் இருட்டில நிக்கிற?" என்று பதறிப் போன் செய்தாள். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும், கும்பகோணத்தில் கிட்டத்தட்ட ஆறு மணி ஆகும். ஒரே கடிகாரம், இரண்டு ஊருக்கும் ஒரு மணி நேர வெளிச்ச வித்தியாசம். அப்பா போனை வாங்கி, அதனால்தான் அந்தக் காலத்தில் கல்கத்தாவுக்கென்று தனி நேரம் வைத்திருந்தார்கள் என்று விளக்கம் சொன்னார். 1948 வரைக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தீர்க்கரேகை பாடத்தில் மனப்பாடம் செய்ததெல்லாம் எனக்கு ஒரு டீக்குவளைப் படத்தில்தான் புரிந்தது.

சரி, உங்கள் வாசகருக்கு வருகிறேன். சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுப்பது பெருமையடிக்க என்று அவர் நினைக்கிறார். ஹோட்டல் மேஜையில் ஆறு தட்டை அடுக்கி வைத்து, ஆறும் ஆறிப்போகிற வரைக்கும் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறவர்களை எனக்கும் பிடிக்காது. ஆனால் தனியாக இருக்கிற பெண் தன் தட்டைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புவது வேறு விஷயம். அது சாப்பிட்டுவிட்டேன் என்கிற ரசீது.

அந்த ரசீதிலும் நான் ஒருமுறை கள்ளக் கணக்கு எழுதப் பார்த்தேன். ஆகஸ்டில் எனக்கு நாலு நாள் காய்ச்சல். சொன்னால் அப்பா ரயில் ஏறிவிடுவார், அவருக்கு எழுபத்திரண்டு வயது. அதனால் சொல்லவில்லை. சந்தேகம் வரக்கூடாது என்று மூன்றாம் நாள் எழுந்து ரசம் வைத்து, சாதத்தைப் பிசைந்து, தட்டை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து "மதியச் சாப்பாடு" என்று அனுப்பினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"நீ எப்பவும் குழம்புதானே முதல்ல சாப்பிடுவ, தட்டு பூரா ரசஞ்சாதம் எதுக்கு? தட்டுக்குப் பின்னாடி வெள்ளியா மின்னுதே, அது என்ன மாத்திரை?"

பெரிசாக்கிப் பார்த்திருக்கிறாள். நானும் பார்த்தேன், பாராசிட்டமால் அட்டையின் ஓரம், சுண்டுவிரல் நக அளவுக்குத்தான் தெரிந்தது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை, போனிலேயே அழுதுவிட்டேன்.

அன்றைக்குச் சாயந்திரம் கீழ் வீட்டு அம்மா குழைய வேகவைத்த கிச்சடியோடு மாடி ஏறி வந்தார். வீட்டுச் சொந்தக்காரர் அவர்தான், வயது எழுபது இருக்கும், எல்லாரும் மாஷிமா என்று கூப்பிடுவார்கள், நம் ஊரில் சித்தி பெரியம்மா என்கிற மாதிரி. என் அம்மாவுக்கு அவர் படம் வேண்டுமாம், என் பெண்ணுக்குக் கிச்சடி கொடுத்த மகராசியை நான் பார்க்க வேண்டாமா என்றாள். மாஷிமாவிடம் கேட்டேன், இருங்கள் என்று போய்த் தலை வாரிக்கொண்டு வந்து நின்றார். அப்படி ஆரம்பித்தது இப்போது என்னை விட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்கிறார்கள் என்பதுகூடத் தப்பு, அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு பெங்காலி தெரியாது, இந்தி இரண்டு பேருக்குமே தகராறு. வெறும் படம்தான். மாஷிமா ஒரு நாள் வாழைப்பூவை உரித்து வைத்த முறத்தைப் படம் எடுத்து அனுப்பினார், இங்கே அதற்கு மோச்சா என்று பெயர். அம்மா உடனே அடுத்த நாள் காவிரிக்கரைத் தோட்டத்து வாழைப்பூவை வாங்கி, ஒவ்வொரு பூவிலும் கள்ளன் என்கிற வேகாத நரம்பை எடுத்துத் தனியாகக் குவித்து, அந்தக் குவியலைப் படம் எடுத்து அனுப்பினாள். மாஷிமா தன் கள்ளன் குவியலைக் காட்டினார். இவள் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வாள், அவர் கடுகெண்ணெய். இவள் பருப்பு உசிலி செய்தாள், அவர் உருளைக்கிழங்கும் தேங்காயும் போட்டுச் செய்தார். ஒரு வாரம் போனது இந்த வாழைப்பூ விவகாரம். இந்தப் படங்களை வேறு யாரிடமாவது காட்டினால் குப்பை என்பார்கள், உரித்த கழிவைப் போய் யார் படம் எடுப்பார்கள்.

இதற்கு நேர் எதிரே துர்கா பூஜை. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பண்டிகை, பந்தல் பந்தலாகப் போய்க் கண் கொள்ளாத அலங்காரமெல்லாம் பார்த்து எழுபது படமாவது அனுப்பியிருப்பேன். அங்கே அதே நாட்களில் எங்கள் வீட்டில் நவராத்திரிக் கொலு. பந்தலுக்கு வழக்கம்போலக் கட்டைவிரல். கொலுப் படத்தில் மூன்றாம் படியில் செட்டியார் பொம்மையைக் காணவில்லை, எங்கே என்று நான் கேட்டேன், உடைந்துவிட்டது, உனக்கு மனசு கஷ்டப்படுமே என்று சொல்லவில்லை என்றாள் அம்மா. மாத்திரை அட்டைக்குப் பழிக்குப் பழி என்று சொல்லிச் சிரித்தோம்.

இப்போது உங்கள் வாசகர் சொன்ன சரியான பாதி. இதையெல்லாம் ஊருக்கே கடை பரப்புவது தப்பு, நானே செய்து சூடுபட்டிருக்கிறேன். வந்த இரண்டாம் வாரம், புது வீட்டு வாசலில் நின்று எடுத்த படத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி பொதுவில் போட்டுவிட்டேன், கதவு எண்ணும் தெருப் பெயர்ப் பலகையும் பளிச்சென்று தெரிகிற படம், தனியாக வந்திருக்கிறேன் என்று நானே கீழே எழுதியும் வைத்திருக்கிறேன் பாருங்கள், எவ்வளவு புத்திசாலித்தனம். முன்பின் தெரியாத ஒருவர், உங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருதான், டீ சாப்பிட வரலாமா என்று செய்தி அனுப்பினார். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் ஒரு மாதம் படிக்கட்டில் சத்தம் கேட்டாலே நெஞ்சு திக்கென்றது. போன் காமிராவில் லொகேஷன் ஓடிக்கொண்டிருந்தால் எடுத்த இடமும் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும் என்பதைப் பையன்தான் சொல்லி நிறுத்தி வைத்தான். ஊருக்கு லீவில் போகும்போது ரயிலிலிருந்து "பத்து நாள் ஜாலி" என்று போடுகிறவர்களும் அப்படியே, வீடு பூட்டியிருக்கிறது என்று தண்டோரா போட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

நம்மை நாம் காட்டிக்கொள்வதாவது நம் பாடு. அடுத்தவரைக் காட்டுவதில்தான் எனக்குப் பெரிய குட்டு விழுந்தது. இங்கே இன்னும் கைரிக்‌ஷா இருக்கிறது, மனிதர் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வெயிலில் வண்டியின் ஏர்க்காலைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு, நிழலில் குந்தி உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைத் தூரத்திலிருந்து படம் எடுத்து அனுப்பினேன். படம் உண்மையாகவே நன்றாக வந்திருந்தது. எல்லாரும் பாராட்டினார்கள். அப்பா மட்டும், "அந்த ஆளைக் கேட்டியாம்மா?" என்று ஒரு வரி எழுதியிருந்தார். கேட்கவில்லை. அவர் களைத்து உட்கார்ந்திருப்பதை அவர் வீட்டுக்கே தெரியாமல் என் சித்தப்பா பெரியப்பா எல்லாம் பார்த்துவிட்டார்கள். நான் எனக்குக் காய்ச்சல் என்பதை மறைக்க ரசஞ்சாதம் பிசைந்தவள்தானே. அந்தப் படத்தை அழித்துவிட்டேன், மீன்காரம்மாவைக் கேட்டுவிட்டு எடுத்தது இந்தக் குட்டு விழுந்த பிறகுதான்.

அப்பா தபால் இலாகாவில் 34 வருஷம் இருந்தவர். போனில் படம் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது, தள்ளத் தள்ள ஓடிவிடுகிறது, கையில் நிற்க மாட்டேன் என்கிறது என்பார். இன்லண்ட் லெட்டரில் மூன்று மடிப்பும் எழுதி, ஒட்டுகிற ஓரத்திலும் "மற்றவை நேரில்" என்று நுணுக்கி எழுதிய ஜனங்களின் கடிதங்களைப் பை பையாகப் பார்த்தவர். ஒருவருக்கு எழுதினால் அவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதைத்தான் எழுதுவார்கள், மாட்டைப் பற்றி எழுதுவார்கள், மழையைப் பற்றி எழுதுவார்கள், நாலு பேர் மெச்ச எழுத மாட்டார்கள் என்பார். நான் இப்போது குரூப்பில் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டதற்கு அவர்தான் காரணம். அம்மாவுக்குக் கொடியும் சமையலறையும், பையனுக்கு டிராமும் மெட்ரோவும் (ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகிற மெட்ரோ 2024 மார்ச்சில் திறந்தது, அவன் அதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கிறான்), அவன் அப்பாவுக்கு வாடகை ரசீதும் கரண்ட் பில்லும், தாலி கட்டிய பாவத்துக்கு அவருக்கு அதுதான் கிடைக்கிறது. கூடவே இரண்டு வரி எழுதித்தான் அனுப்புகிறேன். எழுதாமல் படத்தை மட்டும் தள்ளிவிடுவதுதான், என்னைக் கேட்டால், தொல்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் ஞாயிறு மலரில் வாசகர் அனுப்பும் படங்களுக்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறீர்கள், பார்த்தால் சூரிய அஸ்தமனம், தேர், மயில், மறுபடி சூரிய அஸ்தமனம். வெளியூரில் இருக்கிறவர்களிடம் அவர்கள் வீட்டு வாசல்படியை, துவைக்கிற கல்லை, மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கேளுங்கள், ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். புனேயில் வாடகைக்கு இருக்கிற பையன் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று எழுதினால் அதை அவன் ஊரில் பத்துப் பேர் படிப்பார்கள். மற்றவர்கள் படம் இருந்தால் கேட்டுவிட்டு எடுத்ததுதான் என்று ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிக்கும் முன் அப்பா கதை ஒன்று. இத்தனை மாதத்தில் அவராகக் கேட்ட படம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஊர் சுற்றுகிறவர்கள் எடுக்கிற படம். கல்கத்தா ஜி.பி.ஓ., அதாவது தலைமைத் தபால் நிலையம். டல்ஹௌசி சதுக்கத்தில், இப்போது பி.பி.டி. பாக் என்று பெயர், 1868இல் திறந்த வெள்ளைக் கட்டடம், பெரிய தூண்களும் தலைக்கு மேலே ஒரு கும்மட்டமும். பின்கோடு 700001. வேலையில் இருந்த காலமெல்லாம் கடிதங்களில் படித்த முகவரி, நேரில் பார்த்ததில்லை. நான் தினமும் ஆபீஸுக்கு அதன் முன்னால்தான் நடந்து போகிறேன், ஒருநாளும் படம் எடுக்கவில்லை. எடுத்தேன். போனில் அனுப்பவில்லை, ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரின்ட் போட்டு, பின்பக்கம் நாலு வரி எழுதி, பிரவுன் கவரில் வைத்து ஸ்டாம்ப் ஒட்டி, அங்கேயே உள்ளே போய்ப் பெட்டியில் போட்டேன்.

ஆறாம் நாள் போன் வந்தது. கும்மட்டத்தைப் பற்றிச் சொல்வார், தூண்களைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"படம் வந்தது, நன்னா இருக்கு. கவர்ல பின்கோடு எழுதியிருக்கியே, கடைசி ஒண்ணு பார்த்தா ஏழு மாதிரி இருக்கு. 612001னு தெரிஞ்சவன் கையில கிடைச்சதால வந்து சேர்ந்தது. அடுத்த தடவை சரியா எழுது."

அடுத்ததற்கு டிராம் டெப்போ வேண்டுமாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
லேக் மார்க்கெட், கொல்கத்தா
(சொந்த ஊர் கும்பகோணம்)